குளமில்லாத அருவி: கல்லுக்கு அடியில் இருக்கிறது சூட்சுமம்

பாறையின் மேலிருந்து விழும் நீர், கூழாங்கற்களுக்கு இடையே இறங்கி மறைந்துவிடுகிறது. கீழே குளம் இல்லை. கூழாங்கல் பரப்புக்கு அடியில், நீர் கசியாத ஷீட் விரித்து ஜல்லி நிரப்பிய ஒரு குழி இருக்கிறது. அதில் மூழ்கியிருக்கும் மோட்டார், நீரைக் குழாய் வழியே திரும்பவும் உச்சிக்கு ஏற்றுகிறது. இதுதான் குளமில்லாத அருவி. சின்ன முன்தோட்டத்திலும் இதை அமைக்கலாம்.

ஆனால் ஆசை ஆசையாகக் கட்டிய அருவி ஒரு கோடையைக்கூடத் தாண்டாமல் வறண்டு கிடப்பதும் உண்டு. கல்லைத் தேர்ந்தெடுக்கக் காட்டிய அக்கறையை மண்ணுக்குள் போகும் வேலைக்குக் காட்டாததே பல இடங்களில் காரணம். அப்படி நடக்க வழிவிடும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் அருவி வைப்பது வீண்.

உண்மை: விழுவதும் ஏறுவதும் ஒரே நீர்தான். ஆவியாவதும் வெளியே தெறிப்பதும் மட்டுமே இழப்பு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் ஒரு லிட்டர் போயிற்று என்று கணக்கு. கோடையில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை இழக்கும். அருவியில் நனையும் பரப்பு இரண்டு சதுர மீட்டர் என்றால் 12 முதல் 16 லிட்டர்; ஏறக்குறைய ஒரு வாளி. காற்று அடிக்கும் திசையில் அருவியைத் திருப்பி வைத்தால் தெறிப்பில் இதைவிட அதிகம் போகும். அதனால் இடம் பார்க்கும்போதே காற்றையும் பார்க்க வேண்டும்.

முதல் நிரப்பலுக்கு லாரித் தண்ணீர் வேண்டாம். 50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர். சேதாரம் போனாலும் ஒரு சிறிய குழி நிறைந்துவிடும். மழைநீரில் உப்பு குறைவு என்பதால் கல்லில் வெள்ளைப் படலமும் அவ்வளவாகப் படியாது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை தவித்ததைப் போன்ற ஒரு காலம் வந்தால், அருவியை நிறுத்தி நீரை இறைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம். மீன் இல்லாததால் எந்த உயிரும் சாகாது.

நம்பிக்கை: வீட்டில் மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறது, அதிலேயே மோட்டாரை இறக்கிவிடலாம்.

உண்மை: இரண்டிலும் ஜல்லி இருப்பதால் வரும் குழப்பம் இது. 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பின் நோக்கம், நீரை மண்ணுக்குள் இறக்குவது. அந்தக் குழி நீரை உறிஞ்சியே ஆக வேண்டும். அருவிக் குழியோ ஒரு சொட்டும் விடக்கூடாது. சேகரிப்புக் குழியில் ஷீட் விரித்தால் நிலத்தடி நீருக்குப் போகும் வழியை அடைத்துவிடுவோம். இரண்டையும் தனித்தனியாக வைத்து, அருவிக் குழி நிரம்பி வழியும் நீரைச் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடுவதுதான் முறை.

நம்பிக்கை: 900 லிட்டர் கொள்ளும் குழி வெட்டினால் 900 லிட்டர் நீர் நிற்கும்.

உண்மை: ஜல்லி நிரப்பிய பிறகு கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடம்தான் நீருக்கு. அது மொத்தத்தில் 35 முதல் 40 சதவீதம். ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழியில் நிற்பது 315 முதல் 360 லிட்டர்தான். கழுவாத ஜல்லியைக் கொட்டினால் தூளும் பொடியும் அந்த இடத்தையும் அடைத்துக்கொள்ளும். முக்கால் அங்குல ஜல்லியைவிட ஒன்றரை அங்குல ஜல்லி நல்லது. எதுவானாலும் அலசிப் போட வேண்டும்.

அருவி ஓடும்போது ஒரு பங்கு நீர் எப்போதும் வெளியே இருக்கும். உச்சியிலிருந்து நீர் ஓடிவரும் ஓடை மூன்று மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் ஆழம் என்றால் அதில் மட்டும் 60 லிட்டர். மோட்டாரை நிறுத்தியதும் இதில் பெரும்பகுதி குழிக்குத் திரும்பும். குழி சிறியதானால், ஓடும்போது மோட்டார் காற்றை இழுக்கும். நிறுத்தினால் நீர் வழிந்து வீணாகும். வெளியே நிற்கும் நீரைப்போல் இரண்டு மூன்று மடங்காவது குழியில் இருக்க வேண்டும். எந்தக் கல்லை வாங்குவதற்கும் முன்னால் போட வேண்டிய கணக்கு இது.

நம்பிக்கை: மோட்டார் எவ்வளவு பெரிதோ அருவி அவ்வளவு அழகு, ஓசையும் அவ்வளவு இனிமை.

உண்மை: விளிம்பின் அகலத்துக்கு ஏற்றதாக மோட்டார் இருக்க வேண்டும். ஓர் அடி அகல விளிம்பிலிருந்து நீர் இழையறாமல் விழ, மணிக்கு 4,500 முதல் 7,000 லிட்டர் வரை வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, உயரமே ஏறாதபோது கிடைப்பது. உங்கள் அருவியின் உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் அரை எச்பி மோட்டாரை இதற்குப் பயன்படுத்துவது தவறு. அது பல மாடி உயரத்துக்குத் தள்ளச் செய்யப்பட்டது. ஒன்றரை மீட்டருக்கு மணிக்கணக்கில் ஓட்டினால் சுமை கூடிச் சூடாகும். இந்த உயரத்துக்கென்றே உள்ள 100 வாட் அளவு மோட்டார் நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட்தான்.

ஓசைக்கு வருவோம். ஓடும் நீரின் இசை, நீருக்குள் சிக்கும் காற்றுக் குமிழிகள் அதிர்வதால் பிறக்கிறது என்று 1933இல் விஞ்ஞானி மார்செல் மின்னார்ட் விளக்கினார். கல்லின் மேல் நேராக விழும் நீர் சடசடக்கிறது. விழும் இடத்தில் குழிவான ஒரு கல்லை வைத்து நாலு விரற்கடை நீர் நிற்கவிட்டால் குமிழி உண்டாகிக் களகளவென்று ஓசை எழுகிறது. அந்தக் கல்லை அரை அடி நகர்த்தினாலே ஓசை மாறுவதைக் கேட்கலாம். மோட்டாரை மாற்றுவதற்கு முன் கல்லை நகர்த்திப் பாருங்கள்.

நம்பிக்கை: நீர் வேகமாகக் குறைந்தால் ஷீட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

உண்மை: முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தை. மண் அமர்ந்து ஷீட்டின் விளிம்பு ஓரிடத்தில் தாழ்ந்தாலே நீர் அதன் மேல் வழிந்து மண்ணில் இறங்கிவிடும். விளிம்பைத் தொட்டுக்கொண்டு மண்ணோ புல்லோ கிடந்தால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அது இரவும் பகலும் நீரை இழுக்கும். சோதிப்பது எளிது. மோட்டாரை நிறுத்தி, குழியின் நீர்மட்டத்தைக் குறித்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால் குழி நன்றாக இருக்கிறது. கசிவு மேலே ஓடையில். கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழியைப் பிரிக்க வேண்டியதில்லை.

சிமென்ட் பூசிவிட்டால் ஷீட் தேவையில்லை என்பதும் நிலைக்காது. மண் அசையும்போது பூச்சு விரிசல் விடும், ஷீட் வளைந்துகொடுக்கும். தார்ப்பாய் வெயிலில் பொடிந்துபோகும். பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் ஷீட்டோ ஈபிடிஎம் ரப்பர் ஷீட்டோ விரித்து, கல் குத்தாமல் அடியிலும் மேலேயும் தடித்த துணிவிரிப்பு போடுங்கள்.

நம்பிக்கை: குளம் இல்லை, அதனால் கொசுவும் இல்லை.

உண்மை: வேகமாக ஓடும் நீரில் கொசு பெரும்பாலும் முட்டையிடாது, நின்ற நீரில் இடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கை நீரே போதும். வெப்பமான ஊரில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். எப்போதாவது மட்டும் அருவியை ஓட்டும் வீட்டில் அதற்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடுகிறது. மோட்டாரை நிறுத்திய பிறகு ஓடையைக் குனிந்து பாருங்கள். கல் பொந்துகளிலும் உச்சியில் உள்ள நீர்ப்பெட்டியிலும் தேங்கியிருக்கும். அந்த நீரைத் துடைத்தால் போதாது, அந்த இடங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை ஈரமில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குழியின் நீர்மட்டம் கல்பரப்புக்கு நான்கு அங்குலம் கீழே இருக்கட்டும். குழிக்குள் மோட்டார் இருக்கும் அறையின் மூடியில் கொசுவலை இருக்கட்டும். தினமும் சில மணி நேரம் ஓட்டுங்கள். அப்படி ஓட்டினால், ஜல்லியில் குடியிருந்து நீரைச் சுத்தமாக வைக்கும் நுண்ணுயிரிகளுக்கும் காற்று கிடைக்கும். பல நாள் நிறுத்தி நாற்றம் வந்துவிட்டால், பழைய நீரை முழுவதும் இறைத்த பிறகே மறுபடி ஓட்ட வேண்டும்.

நம்பிக்கை: ஆழமான நீர் இல்லாததால் குழந்தைகளுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

உண்மை: குழந்தை தவறி விழுந்து மூழ்கும் ஆபத்து குளத்தைவிட இங்கே மிகக் குறைவு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். மிஞ்சியிருப்பது மின்சாரம். எம்சிபி இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. அது அதிகச் சுமையிலிருந்தும் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்தும் ஒயரைக் காப்பது. நீரில் கசியும் மின்சாரத்திலிருந்து ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதுவும் முறையான எர்த்தும் இல்லாமல் மோட்டாரை இயக்க வேண்டாம். டேப் சுற்றிய ஒயர் இணைப்பு ஈரத்தில் கிடக்கவே கூடாது. குழிக்குள் கைவிடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அருவி கட்ட நினைப்பவர்கள் செலவை இந்த வரிசையில் ஒதுக்குங்கள்: முதலில் போதுமான குழியும் நல்ல ஷீட்டும், அடுத்து பாதுகாப்பான மின் இணைப்பு, பிறகு அளவான மோட்டார், கடைசியாகக் கல். கல் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம். சிறிதாகப்போன குழியைப் பெரிதாக்க, கட்டியதை எல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும்.