சுவரஜதி பயிலும் தம்பிக்கு



பைரவி சுவரஜதியைப் பாடம் செய்யத் தொடங்கியிருப்பதாகவும், அதற்காகக் கிடைத்த ஒலிப்பதிவுகளையெல்லாம் ஓயாமல் கேட்டுவருவதாகவும் நீ எழுதியதில் எனக்குப் பரம சந்தோஷம். காஞ்சியில் பிறந்த உனக்கு அந்த உருப்படியின்மேல் ஒரு பாத்தியதை உண்டு. படையெடுப்புகளுக்கு அஞ்சி உங்கள் ஊரிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, பல இடங்களில் தங்கி, கடைசியில் தஞ்சையில் நிலைபெற்ற பங்காரு காமாக்ஷிக்குப் பரம்பரை அர்ச்சகராயிருந்த சியாமா சாஸ்திரிகள் (1762–1827) அல்லவா, நாட்டியத்துக்குரியதாயிருந்த சுவரஜதியைக் கச்சேரிக்குரிய கம்பீர வடிவமாக ஆக்கித் தந்தவர்!

கேட்பது நன்றுதான், ஆயினும் விவரமறிந்து கேள். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிஷத்துக்குத்தான் இடமிருந்தது; மிச்ர சாபு தாளத்தில் பல்லவியும் எட்டுச் சரணங்களுமாக நிதானமாக நடக்கும் இந்தச் சுவரஜதிக்கோ அதைப்போல் மும்மடங்கு காலம் வேண்டும். ஆகையால் பழைய தட்டுகளின் அவசரத்தை அவற்றில் பாடிய வித்வான்களின் சுபாவமென்று எண்ணிவிடாதே. உங்கள் ஊர் நாயனாப் பிள்ளை (1889–1934), தம் குடும்பத்துத் தனகோடி அம்மாள் தட்டுகள் கொடுத்திருந்தும், தாம் ஒரு தட்டுக்கும் பாட இசையவில்லை. அந்த லயச் சிம்மத்தைப் பற்றி இன்று ஏதேனும் அறியவேண்டுமானால் அவரிடம் கற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையையும், பிருந்தா, முக்தா சகோதரிகளையும் கேட்டுத்தான் அறியவேண்டும். நஷ்டம் பெரிதெனினும், சிஷ்யர்களின் குரலில் குருவைத் தேடும் பழக்கம் உனக்கு வாய்த்தால் அதுவே பெரும் பாடம்.

பாடுபவன் மூலத்தை எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு வேறோர் இசையைப் பார். அமெரிக்க ஜாஸ் இசையில், ஜானி கிரீன் 1930-இல் மெட்டமைத்த ‘பாடி அண்ட் சோல்’ பாட்டை 1939-இல் கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோனில் வாசித்துப் பதிந்த தட்டில், மூல மெட்டு ஆரம்பத்தில் சற்றே தலைகாட்டுகிறது. மற்றதெல்லாம் அவருடைய கற்பனை. அந்தச் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சுவரஜதியில் அதற்கு இடமில்லை. முதற் சரணம் ஸட்ஜத்தில் தொடங்க, அடுத்தடுத்தவை ஒவ்வொரு ஸ்வரமாக ஏறி, எட்டாவது மேல் ஸட்ஜத்தில் எழும்படி சாஸ்திரிகள் கட்டிய படிகளில் ஒன்றையும் நாம் அசைக்கலாகாது. காலப்பிரமாணமும், கமகத்தின் கனமும், ஏறுகையில் சதுச்ருதியாகவும் இறங்குகையில் சுத்தமாகவும் நிற்கும் தைவதத்தின் நிறமுமே பாடகனுக்கு விடப்பட்டவை. பதிவுக்குப் பதிவு மாறுபடுவனவும் அவையே. ஆதலால் ஒரு பதிவை நூறு முறை கேட்டு அதன் சாயலாகிவிடாமல், ஒரே சரணத்தைப் பலர் வாயிலாகக் கேள். ஒரு சரணம் ஓய்ந்து அடுத்தது எழும் சந்தியில் காதை வை. கோர்வைச் சேலையில் கரையும் உடலும் பிணையும் இடத்தைப்போல, பாடகனின் தேர்ச்சி அங்கேதான் புலப்படும்.

ஸ்வரம் அசையாமல் நின்றபின் சாஹித்யத்துக்குப் போ. தெலுங்குச் சொற்களின் அர்த்தத்தையும் பிரிப்பையும் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள். நேரமில்லையென்று மேடையில் நான்கு சரணங்களோடு நிறுத்திவிடாதே; எட்டையும் பாட அவகாசமில்லாத நாளில் அம்பாள்மேல் வேறொரு கிருதியைப் பாடு.