தெள்ளும் சொறியும்: நாய், பூனைகளின் தோல் நோய்களும் அவற்றின் கட்டுப்பாடும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம், சுகாதாரமும் உடற்கல்வியும்: மேலதிகப் பாடம்

1. அறிமுகம்

நமுனுகுல மலையைச் சூழ்ந்த தோட்டங்களில் நாயோ பூனையோ இல்லாத லயம் அரிது. காட்டுப்பன்றிக்கும் திருடனுக்கும் நாய் காவல். அரிசி மூட்டைக்குப் பூனை காவல். ஆனால் அவற்றின் உடலில் வாழும் ஒட்டுண்ணிகள் எம்மையும் வந்தடைகின்றன.

நான் பாடசாலையில் படித்த காலத்தில், காலில் தெள்ளுக்கடித் தழும்புகளுடன் வந்த பிள்ளைகளைப் பின்வாங்கில் தனியே இருத்துவதுண்டு. நானும் அந்த வாங்கில் இருந்திருக்கிறேன். தெள்ளுக்கடி அழுக்கின் அடையாளம் என்றே எல்லோரும் நம்பினோம். அது தவறு என்பதை இப்பாடத்தின் முடிவில் நீங்களே விளக்கக்கூடியதாக இருக்கும்.

2. தெள்ளு என்பது யாது?

தெள்ளு ஆத்திரப்போடாக் கணத்தைச் சேர்ந்த, சிறகற்ற ஒரு பூச்சி. இதற்கு ஆறு கால்கள் உண்டு. உடல் பக்கவாட்டில் தட்டையானது. ஆகையால் உரோமங்களுக்கிடையே இலகுவாக ஓடும். பின்னங்கால்கள் பாய்வதற்கு இசைவாக்கம் அடைந்துள்ளன. வாயுறுப்புகள் தோலைத் துளைத்துக் குருதியை உறிஞ்சுவதற்கு ஏற்றவை.

பூனைத்தெள்ளு என அழைக்கப்படும் இனம் பெயரளவில் பூனைக்குரியதாயினும் நாய்களிலும் பரவலாகக் காணப்படும். ஒட்டுண்ணி வாழும் விலங்கு விருந்துவழங்கி எனப்படும்.

கவனிக்க: தெள்ளு, பேன் ஆகியன ஆறு கால்களையுடைய பூச்சிகள். உண்ணி, சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணி ஆகியவற்றின் நிறைவுடலிகளுக்கு எட்டுக் கால்கள் உண்டு. அவை பூச்சிகள் அல்ல. தெள்ளு பாயும், பேனும் உண்ணியும் பாய்வதில்லை.

3. தெள்ளின் வாழ்க்கை வட்டம்

தெள்ளு பூரண உருமாற்றத்தைக் காட்டும். அதன் நான்கு பருவங்கள் வருமாறு:

(அ) முட்டை – குருதி குடித்த பெண் தெள்ளு ஒரு நாளில் 40 – 50 வரையான முட்டைகளை இடக்கூடியது. முட்டைகள் உரோமத்தில் ஒட்டியிராது விலங்கு படுக்குமிடத்தில் உதிரும். 1 – 10 நாட்களில் பொரிக்கும்.

(ஆ) குடம்பி – வெளிச்சத்தை விரும்பாது. தரை வெடிப்பு, சாக்கு, பாய் ஆகியவற்றின் அடியில் ஒளிந்து, நிறைவுடலித் தெள்ளுகளின் எச்சத்திலுள்ள உலர்ந்த குருதியை உண்டு வளரும்.

(இ) கூட்டுப்புழு – ஒட்டும் தன்மையுள்ள பட்டுக்கூட்டினுள் இருக்கும். கூட்டின் மேல் தூசி படிவதால் கண்ணுக்குத் தெரியாது. மருந்தும் இலகுவில் உட்புகாது. இவ்வாறு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் காத்திருக்கும்.

(ஈ) நிறைவுடலி – அதிர்வு, வெப்பம், சுவாசத்தில் வெளிவரும் காபனீரொட்சைட்டு ஆகியவற்றை உணர்ந்ததும் கூட்டை விட்டு வெளிவந்து விலங்கின் மேல் பாயும்.

சில வாரங்கள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து உள்ளே நுழைந்தவுடன் தெள்ளுகள் காலில் மொய்ப்பது இதனாலேயே. அவை அன்று புதிதாக வந்தவையல்ல. எமது காலடி அதிர்வுக்காகக் காத்திருந்தவை.

சூடும் ஈரப்பதனும் உள்ள இடத்தில் இவ்வட்டம் ஏறத்தாழ மூன்று வாரங்களில் நிறைவுறும். எமது மலைப்பிரதேசக் குளிரில் அது நீடிக்கும். ஆனால் அடுப்பும் ஆட்களும் உள்ள அறையினுள் வெப்பம் கிடைத்துவிடுகிறது. நிறைவுடலிகள் மொத்தத் தெள்ளுத் தொகையின் சிறுபங்கே. பெரும்பங்கு முட்டை, குடம்பி, கூட்டுப்புழு ஆகிய பருவங்களில் தரையிலேயே உள்ளது. இப்பாடத்தின் மிக முக்கியமான கருத்து இதுவாகும்.

4. தெள்ளை இனங்காணல்

வெள்ளைக் கடதாசியொன்றை விரித்து, அதன் மேல் விலங்கை நிறுத்தி, பேன்சீப்பால் முதுகையும் வாலடியையும் வாருங்கள். உதிரும் கறுப்புத் துகள்கள் மீது சில துளி நீர் விடுங்கள். செங்கபில நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம்; நிறம் பரவாவிட்டால் வெறும் மண்.

5. பிரதான தோல் நோய்கள்

• தெள்ளு ஒவ்வாமை: தெள்ளின் உமிழ்நீரால் ஏற்படும். நாயின் வாலடியிலும் முதுகின் பின்பகுதியிலும் உரோமம் உதிரும். பூனையின் கழுத்திலும் முதுகிலும் சிறு பொருக்குகள் தோன்றும். ஒவ்வாமையுள்ள விலங்குக்கு ஓரிரு கடிகளே பல நாள் அரிப்பைத் தரும்.

• தொற்றும் சொறி: தோலைக் குடையும் சிற்றுண்ணியால் ஏற்படும். காது விளிம்பு, முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் கடும் அரிப்பு உண்டாகும். மனிதரிலும் தற்காலிக அரிப்பை ஏற்படுத்தலாம்.

• உரோமப்பைச் சொறி: குட்டி நாய்களின் கண், வாய் ஓரங்களில் உரோமம் உதிரும். இது மனிதருக்குத் தொற்றாது.

• படர்தாமரை: புழுவால் அன்று, பங்கசால் ஏற்படுவது. உரோமமற்ற வட்டங்களாகத் தோன்றும். பூனைக்குட்டிகளில் அதிகம். பிள்ளைகளுக்கு எளிதில் தொற்றும்.

குட்டிகளில் தெள்ளுகள் பெருகினால் குருதிச்சோகை ஏற்பட்டு இறக்கவும் கூடும். முரசு வெளிறியிருப்பது ஆபத்தின் அறிகுறி.

6. மனிதருக்கு ஏற்படும் பாதிப்புகள்

கடித்த இடத்தைச் சொறிவதால் புண்ணாகிக் கிருமி தொற்றலாம். தெள்ளைத் தற்செயலாக விழுங்கும் சிறுபிள்ளைக்கு ஒருவகை நாடாப்புழு தொற்றலாம். தெள்ளெச்சம் படிந்த நகத்தால் பூனை பிறாண்டும்போது காய்ச்சலும் நிணநீர்க்கணு வீக்கமும் வரலாம். எலித்தெள்ளுகள் தைபசுக் காய்ச்சலின் ஒரு வகையைப் பரப்புகின்றன. ஆகவே காய்ச்சலுடன் வைத்தியரிடம் செல்லும்போது வீட்டில் எலி, தெள்ளுத் தொல்லை இருப்பதையும் கூறுங்கள்.

7. வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம்

கொள்ளைநோயின் பற்றீரியாவை 1894 இல் ஹொங்கொங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்தார். அது எலித்தெள்ளினால் பரவுகிறது என்பதை 1898 இல் கராச்சியில் போல் லூயி சிமோன் பரிசோதனை மூலம் காட்டினார். 1914 இல் அந்நோய் கொழும்பை அடைந்தது. அங்கு பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் எல். பேபியன் ஹேர்ஸ்ட் எலித்தெள்ளு இனங்களை வேறுபடுத்தி ஆராய்ந்தார். எல்லா இனங்களும் நோயை ஒரே அளவில் பரப்புவதில்லை என்பதை அவரது ஆய்வுகள் காட்டின.

இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற அனுமதிக்கப்பட்டனர். தொற்றுநோய் அச்சமே இதற்குக் கூறப்பட்ட காரணம். நோயைக் காவுவது தெள்ளாக இருந்தபோதும், சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் தொழிலாளர்களே. பின்வாங்கில் இருந்த பிள்ளையின் கதையும் இதைப் போன்றதே. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அமைந்த அறைகள், வெடித்த தரை, ஈரச்சுவர் ஆகியனவே தெள்ளுக்கு வாய்ப்பளிக்கின்றன. குற்றம் பிள்ளையினுடையது அன்று.

8. கட்டுப்படுத்தும் முறைகள்

(1) விலங்கு: நாளாந்தம் பேன்சீப்பால் வாரி, பிடிபடும் தெள்ளுகளைச் சவர்க்கார நீரில் போடுக. நாயைக் குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி நுரை பூசுக. இல்லாவிடின் தெள்ளுகள் தலைக்கு ஓடிவிடும். மிருக வைத்தியர் விலங்கின் நிறை, வயது ஆகியவற்றைப் பார்த்துத் துளிமருந்தோ மாத்திரையோ தருவார்.

(2) தரை: நாள்தோறும் கூட்டி, குப்பையை எரிக்கவும். வெடிப்புகளைக் களிமண்ணால் அல்லது சீமெந்தால் அடைக்கவும். படுக்கும் சாக்கை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து, கடும் வெயிலில் உலர்த்தவும். எலிகளையும் ஒழிக்கவும்.

(3) காலம்: ஒரு முறை செய்து நிறுத்தலாகாது. கூட்டுப்புழுக்கள் தொடர்ந்து வெளிவருவதால் குறைந்தது மூன்று மாதங்கள் தொடரவேண்டும்.

(4) அயல்: ஓர் அறையில் மட்டும் செய்து பயனில்லை. லயத்திலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சையளிக்க வேண்டும்.

9. செய்யத்தகாதவை

• மண்ணெண்ணெய், பழைய இயந்திர எண்ணெய் பூசுதல். தோல் வெந்துவிடும், விலங்கு நக்குவதால் நஞ்சும் உட்செல்லும்.

• தேயிலைக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியைப் பயன்படுத்தல்.

• நாய்க்குரிய மருந்தைப் பூனைக்குப் பூசுதல். அவற்றுட் சிலவற்றில் உள்ள பேர்மெத்திரின் பூனையின் நரம்புத் தொகுதியைத் தாக்கும். பல வருடங்களுக்கு முன்னர் நானே இத்தவறைச் செய்தேன். மருந்துறையில் நாயின் படம் மட்டுமே இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அன்றிரவு எங்கள் பூனை நடுங்கத் தொடங்கியது, விடியுமுன் இறந்தது. உறையை முழுமையாக வாசிக்கும் பழக்கம் எனக்கு அதன் பின்னரே வந்தது.

• பரசிற்றமோல் போன்ற மனித மாத்திரைகளைக் கொடுத்தல். பூனைக்கு அது கொடிய நஞ்சு.

• சொறி பிடித்த நாயை வீதியில் விடுதல். ‘சொறிநாய்’ என்பதை நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். ஆனால் சொறி குணப்படுத்தக்கூடிய நோய். வீதியில் விடப்படும் நாய் மேலும் பல நாய்களுக்கு அதைக் கொடுக்கும்.

எச்சரிக்கை: நோவுள்ள விலங்கு கடிக்கக்கூடும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியை நாய், பூனைகளுக்கு ஆண்டுதோறும் ஏற்றுவிக்கவும்.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா: நாய்க்கு மருந்திட்ட பின்னரும் வீட்டில் தெள்ளுகள் தோன்றுகின்றன. இதற்கான இரு காரணங்களையும் ஒரு தீர்வையும் தருக.

விடை: காரணம் 1 – தெள்ளின் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு ஆகியன விலங்கில் அன்றித் தரையில் உள்ளன. காரணம் 2 – கூட்டினுள் உள்ள பருவத்தை மருந்து இலகுவில் தாக்குவதில்லை. தீர்வு – விலங்குக்கான சிகிச்சையுடன் தரையையும் படுக்கையையும் தொடர்ந்து சுத்திகரித்தல்.

பரீட்சைக் குறிப்பு: ‘காரணம் தருக’ என்ற வினாவுக்கு ‘சுத்தமின்மை’ என்ற ஒரு சொல்லுடன் நிறுத்தாதீர்கள். எப்பருவம், எங்கே, ஏன் என்பதை எழுதுங்கள்.

பயிற்சி

1. தெள்ளின் வாழ்க்கை வட்டத்தை வரைந்து பெயரிடுக.
2. தெள்ளுக்கும் உண்ணிக்கும் இடையிலான இரு வேறுபாடுகளை எழுதுக.
3. படர்தாமரைக்கும் சொறிக்கும் ஒரே மருந்து பயன்படாதது ஏன்?
4. “தெள்ளுக்கடி அழுக்கின் அடையாளம்” என்று கூறும் ஒருவருக்கு நீர் அளிக்கும் பதிலை ஐந்து வசனங்களில் எழுதுக.

நான்காம் வினாவை விட்டுவிடாதீர்கள். பரீட்சையில் வராவிட்டாலும், வகுப்பறையில் அதற்கு விடை சொல்ல வேண்டிய நாள் வரும்.