கருடக் கொடி: தேர்வும் பேணலும்

திருக்கோயிலில் பெருவிழா தொடங்கிவிட்டது என்பதை ஊருக்கும் உலகுக்கும் அறிவிப்பது கொடியேற்றம். விதை முளையிடும் அங்குரார்ப்பணம் முன்னரே நிகழ்ந்திருப்பினும், அது கோயிலுக்குள் நிகழும் செயல். மதிலுக்கு அப்பால் நிற்பவனுக்கு விழாவைச் சொல்லுவது கொடிமரத்தின் உச்சியில் அசையும் துணி ஒன்றே. ஆதலின் அத்துணியை எவ்வாறு தேர்வது, எவ்வாறு ஏற்றுவது, எவ்வாறு பேணுவது என்பவற்றை அறிவது விழாவுக்கு வரும் அடியார்கள் யாவர்க்கும் பயன் தருவதாகும்.

கொடியின் பொருள்

வைணவத் திருக்கோயில்களில் ஏற்றப்பெறுவது கருடக் கொடி. பெரிய திருவடி எனப் போற்றப்பெறும் கருடன் எம்பெருமானுக்கு ஊர்தியாகவும் கொடியாகவும் விளங்குபவன். இவ்விரு நிலைகளும் அவனுக்கு வாய்த்த வரலாற்றை மகாபாரதத்தின் ஆதிபருவம் கூறுகிறது. தாயின் அடிமைத்தளையை நீக்கும்பொருட்டு அமுதக் கலசத்தைக் கவர்ந்து சென்ற கருடன், அதில் ஒரு துளியையும் தான் பருகவில்லை. அப்பற்றின்மையைக் கண்டு மகிழ்ந்த திருமால் வரம் அளிக்க முன்வந்தார். ‘தேவரீருக்கு மேலே இருக்க வேண்டும்’ என்று வேண்டினான் கருடன். பின்னர்த் தானும் ஒரு வரம் தருவதாகச் சொன்னான். ‘நீ எனக்கு ஊர்தியாக வேண்டும்’ என்றார் பெருமான். ஊர்தியாய்க் கீழே தாங்குபவனே கொடியாய் மேலேயும் விளங்கும்படி அருளினார். தொண்டு செய்பவனையே தலைக்கு மேல் உயர்த்தி வைக்கும் பெருங்குணத்தைக் கொடி நமக்குக் காட்டுகிறது.

இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. மாயோனைப் பறவைக் கொடி உடையவனாகப் புறநானூறு பேசுகிறது. மத்தியப் பிரதேசத்தில் விதிசைக்கு அருகிலுள்ள பேஸ்நகரில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. தட்சசீலத்திலிருந்து கிரேக்க மன்னனின் தூதனாக வந்த ஹெலியோடோரஸ் என்பவன், தேவதேவனாகிய வாசுதேவனுக்கு எடுப்பித்த கருடத் தூண் அது. தன்னைப் பாகவதன் என்றே அவன் அதில் குறித்துக்கொண்டான். பிறந்த நாடும் மொழியும் வேறாயினும் கருடக் கொடியின்கீழ் ஒருவன் அடியவனாக நிற்கலாம் என்பதற்கு அக்கல்லே சான்று.

கொடி ஓர் அழைப்பு. கொடியேற்றத்தின்போது எண்டிசைக் காவலரும் பிற தேவரும் விழாவுக்கு அழைக்கப்பெறுகின்றனர். மாந்தருக்கும் அதுவே அழைப்பு. நோயால் எழ இயலாதவனும், வயலில் ஏர் பிடிப்பவனும், வழிச்செல்வோனும் ஏறிட்டுப் பார்த்துக் கைகூப்புகின்றனர். முற்காலத்தில் கோயிலுக்குள் புகும் உரிமை மறுக்கப்பெற்ற மக்களுக்கு மதிலுக்கு மேல் தெரிந்த கொடியே சேவையாக இருந்தது. 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் அத்தடையை நீக்கிற்று. ஆயினும் மனிதர் தடுத்த நாள்களிலும் கொடி எவரையும் தடுத்ததில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

துணியைத் தேர்தல்

கொடிப்பட்டத்துக்குப் புதிய துணியே வேண்டும். உடுத்ததும், வேறொன்றுக்குப் பயன்பட்டதும், தீயாலோ எலியாலோ பழுதுற்றதும், மயிர் சிக்கியதும் விலக்கத்தக்கன. பருத்தி நூலால் நெருங்க நெய்த வெண்துணி சிறந்தது. கடையில் துணியை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். இழை விட்ட இடமும், முடிச்சும், நெசவின் ஏற்றத்தாழ்வும் அப்போது தாமே புலப்படும். இரு பக்கமும் கரை உடையதாகத் துணி இருப்பின் ஓரம் பிரியாது.

விலையுயர்ந்த பட்டே சிறப்பு என்று சிலர் கருதுவர். பட்டு அழகியதே, ஆயினும் பங்குனி, சித்திரை வெயிலில் அது விரைவில் நிறம் மங்கி இழை நலியும். செயற்கை இழைத் துணி மழைக்குத் தாங்கும்; ஆனால் கையால் எழுதும் வண்ணம் அதில் நன்கு பற்றாது. தன் செல்வத்தைக் காட்டுவதற்கு அன்றிக் கொடி நின்று விளங்குவதற்கே துணி தேரப்பெற வேண்டும். எளியவன் கொடுக்கும் பருத்தித் துணியில் குறைவு ஏதும் இல்லை.

வாங்கிய துணியில் கஞ்சிப் பசை இருக்கும். ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். இதனால் பசை நீங்குவதுடன் சுருங்க வேண்டிய அளவும் முன்னரே சுருங்கிவிடும். இதைச் செய்யாமல் படம் எழுதினால், முதல் மழையிலேயே துணி சுருங்கி வண்ணம் வெடிக்கும். எனவே விழாவுக்கு முந்திய நாள் துணி வாங்க ஓடுவது தகாது. ஒரு மாதத்துக்கு முன்னரே வாங்கிவிடுவது நன்று. அளவைத் தாமாக முடிவு செய்யாமல், கொடிமரத்தின் உயரத்தையும் அக்கோயிலின் ஆகம மரபையும் அறிந்த அர்ச்சகரிடம் கேட்டே வாங்க வேண்டும். பாஞ்சராத்திரம், வைகானசம் ஆகிய இரு மரபுகளிலும் இவை பற்றிய விதிகள் உண்டு.

படம் எழுதுதல்

துணியின் நடுவே கருடன் எழுதப்பெறுகிறான். இரு சிறகும் விரித்து, அலகு போன்ற கூரிய மூக்குடன், நாகங்களை அணியாகப் பூண்டு, கூப்பிய கையனாய், இப்போதே பறக்கப் போகிறவன் போன்று அவன் விளங்குவான். மேலே வெண்குடையும், பக்கங்களில் சாமரம், சங்கு, சக்கரம், பூரணகும்பம், விளக்கு முதலிய மங்கலங்களும் அமையும். எழுதுபவர் கைத்திறனோடு தூய்மையும் உடையவராக இருத்தல் வேண்டும்.

எழுதி முடிந்த படம் அப்போதே கொடியாகிவிடாது. கண் திறத்தல் என்னும் நயனோன்மீலனம் நிகழ வேண்டும். வண்ணப் படத்தை நீரில் அமிழ்த்த இயலாது. ஆகவே நீரிலோ கண்ணாடியிலோ தோன்றும் அதன் நிழலுக்கே அவ்வுபசாரம் செய்யப்பெறுகிறது. பொருளுக்குக் கேடு வாராமலே சடங்கை நிறைவேற்றும் முன்னோரின் நுண்ணறிவு இங்கு விளங்குகிறது. அதன் பின்னரே கருடன் அதில் ஆவாகனம் செய்யப்பெறுகிறான். கொடி திருவீதி வலம் வந்து ஏறுகிறது. அன்று கருடனுக்கு நிவேதிக்கப்பெறும் அன்னத்தை மகப்பேறு வேண்டுவோர் பெற்றுக்கொள்வது பல தலங்களில் வழக்கம்.

ஏற்றுமுன் காண வேண்டியவை

அன்பர் ஒருவர் நேர்த்திக்கடனாகக் கொடி அளிக்கிறார் என்று கொள்வோம். துணியும் நன்று, படமும் நன்று. ஆனால் ஓரம் ஒற்றைத் தையலாக விடப்பட்டது. மூன்றாம் நாள் மாலை பெருங்காற்று எழுகிறது. மூலையில் தொடங்கிய கிழிசல் கருடன் சிறகு வரை ஓடுகிறது. ஊர் திகைக்கிறது. கொடி கிழிந்தாலும் வீழ்ந்தாலும் ஆகமங்கள் பிராயச்சித்தம் விதித்திருக்கின்றன. ஆகவே விழா நின்றுவிடாது. எனினும் அளித்தவரின் நெஞ்சில் ஏற்படும் வருத்தத்துக்கு யார் ஈடு செய்ய இயலும்? சில அடி நூலும் அரை நாள் உழைப்பும் இதைத் தடுத்திருக்கும்.

ஓரங்களை இருமுறை மடித்து இரட்டைத் தையல் இட வேண்டும். நான்கு மூலைகளிலும் அதே துணியால் ஒட்டு வைத்துத் தைக்க வேண்டும். மேலும் கீழும் கழி செருகும் பைகள் வலுவாக இருத்தல் வேண்டும். கொடிக்கயிற்றை முழு நீளமும் கையால் உருவிப் பார்த்து, நைந்த இடம் இருப்பின் முழுவதையும் மாற்ற வேண்டும். இடையில் முடிச்சிட்டால் அது வளையத்தில் சிக்கும். கொடிமரத்து உச்சியிலுள்ள வளையத்தையும் முன்னரே சோதிப்பது அவசியம். கோயில் பணியாளர் செய்ய வேண்டிய இவை கைங்கரியமே ஆகும்.

இல்லத்துக் கொடி

நடைப்பயணமாக வரும் அடியார்கள் சிறு கொடிகளை ஏந்தி வருகின்றனர். சிறிய திருவடியாகிய அனுமன் கொடியும் அவற்றுள் உண்டு. அருச்சுனன் தேரில் விளங்கியது அக்கொடியே அன்றோ! இவற்றை வாங்கும்போது நனைந்த வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் அக்கொடி மழையில் நிற்காது. திருவுருவத்தின் முகத்தில் தையல் ஓடாதிருப்பதையும் நோக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டவற்றைத் தவிர்ப்பது நலம். ஏனெனில் அவை விழா முடிந்த மறுநாள் வீதியில் மிதிபடுகின்றன. பசுவின் வயிற்றுக்குள்ளும் செல்லுகின்றன. கையில் ஏந்தியபோது வணங்கியதைக் காலில் இட்டு மிதிப்பது முறையாகுமா?

நனைந்த கொடியை அப்படியே சுருட்டி வைக்கலாகாது. தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். படம் எழுதிய கொடியை மடித்தால் மடிப்பில் வண்ணம் உதிரும்; ஆதலால் கழியில் தளரச் சுற்றி, துவைத்த பழைய வேட்டியில் பொதிந்து, உலர்ந்த வேப்பிலை இட்டு வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

நாட்டுக் கொடியும் இவ்வாறே

நாட்டின் மூவண்ணக் கொடிக்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு, நீள அகலங்கள் 3:2 என்னும் அளவில் அமைய வேண்டும் என்கிறது. 2021 டிசம்பரில் செய்த திருத்தத்தால் இயந்திரத்தில் செய்த கொடியும் பாலியெஸ்டர் துணியும் ஏற்கப்பெற்றன. கிழிந்த கொடியைப் பறக்கவிடலாகாது. அதனை மறைவிடத்தில், மதிப்புக் குன்றாமல், முழுவதுமாக எரித்துவிடுதல் தக்கது என்றும் அது கூறுகிறது.

நிறைவு

தீர்த்தவாரி முடிந்து கொடியிறக்கம் நிகழும்போது, அழைக்கப்பெற்ற தேவர்கள் விடைபெறுகின்றனர். கொடி ஏறியபின் விழா முடியும்வரை ஊரைவிட்டு நீங்கலாகாது என்னும் பழங்கட்டுப்பாடும் அன்றே தளர்கிறது. இறக்கிய கொடிப்பட்டம் அக்கோயில் வழக்கப்படி உரியவரிடம் சேரும். இல்லத்துக் கொடி நைந்துவிட்டால், சாயத்துணியைக் கோயில் குளத்தில் விடுதல் வேண்டா. மீனுக்கும் நீருக்கும் அது கேடு. கால்படாத தூய இடத்தில் எரித்து, சாம்பலைத் துளசிக்கோ மரத்தடிக்கோ சேர்ப்பது நன்று.

ஏறும்போது நூறு கைகள் கூப்புகின்றன. இறங்கும்போது தாங்க இரண்டு கைகள் போதும். ஆனால் அவை பக்தியுள்ள கைகளாக இருத்தல் வேண்டும். கொடியை அவ்வாறு பேணும் அடியார்கள் இல்லத்தில், பெரிய திருவடியைக் கொடியாக உடைய பெருமானின் திருவருள் என்றும் நிலவுவதாக.