கடைசியாக எப்போது குடித்தார்? ஆஸ்பத்திரியில் மறைக்கக் கூடாத பதில்

கடன், சேமிப்பு, வட்டிக் கணக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு, போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் இந்த மாதப் பாடத்தை இதைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தோம். நம் கூட்டமைப்பின் நலவாழ்வுக் குழுவில், அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டரம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதியது இது.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் கேட்டார், "குடிப்பாரா?" பக்கத்தில் மாமியார், கொழுந்தனார், அடுத்த கட்டில்காரர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். அக்கா சொன்னது: "இல்லீங்க, எப்பவாவது விசேஷத்துக்குதாங்க." உண்மை என்னவென்றால் பத்து வருஷமாகத் தினமும் இரண்டு குவார்ட்டர்.

ஞாயிறு காலையில் கை நடுங்கியது. வலியால் என்று நினைத்தார்கள். சாயங்காலம் வாந்தி, வியர்வை, தூக்கமே இல்லை. திங்கள் ராத்திரி அவர் போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறார், "எறும்பு, எறும்பு, தட்டி விடுடி" என்று கத்துகிறார். கையில் ஏற்றியிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். முறிந்த காலோடு எழுந்து நிற்கப் பார்த்தார். மாமியார், "காத்து கருப்பு பட்டிருச்சு, வேப்பிலை கொண்டாங்க" என்று அழுதார். நல்லவேளையாக, ராத்திரி டியூட்டியில் இருந்த சிஸ்டர் அக்காவைத் தனியாக அழைத்துப் போய், "ஏம்மா, உண்மையைச் சொல்லு. இவர் தினமும் குடிக்கிறவர்தானே? கடைசியா எப்ப குடிச்சார்?" என்று கேட்டார். அக்கா அழுதுகொண்டே சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் சரியான மருந்து ஆரம்பமானது.

இது பேயும் இல்லை, திமிரும் இல்லை. குடி திடீரென நின்றதால் உடம்பில் வரும் தொந்தரவு. ஆஸ்பத்திரியில் வித்ட்ராயல் என்று சொல்வார்கள். எப்படி வருகிறது? தண்ணீர்த் தொட்டிக்குள் காலிக் குடத்தைக் கையால் அமுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கையை எடுத்ததும் குடம் துள்ளி மேலே வரும் இல்லையா? சாராயம் மூளையை அமுக்குகிற பொருள். வருஷக்கணக்காக அமுக்கினால், மூளை அதற்கு எதிராகத் தள்ளிக்கொண்டே இருக்கப் பழகிவிடும். ஒரே நாளில் சாராயம் நின்றதும், தள்ளுகிற வேகம் மட்டும் மிஞ்சும். அதுதான் நடுக்கம், படபடப்பு, வியர்வை, வலிப்பு எல்லாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகளைத் திடீரென மூடியபோது எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்தோம். கடையை மூடினால் குடி நிற்கும் என்று சந்தோஷப்பட்ட நாமே, நான்காம் நாள் ஆம்புலன்ஸ் தேடினோம்.

நேரக் கணக்கு முக்கியம். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் நடுக்கம், குமட்டல், தலைவலி, பதற்றம் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 முதல் 4 நாளுக்குள் ஆள் நிலை தடுமாறி, இடம் தெரியாமல், இல்லாததைப் பார்த்து, காய்ச்சல், வேகமான நாடித் துடிப்போடு போவதுதான் பெரிய ஆபத்து. டெலீரியம் ட்ரெமன்ஸ் என்பது அதன் பெயர். எல்லாருக்கும் வராது. ஏற்கனவே ஒரு தடவை வந்தவர்களுக்கும், முன்பு வலிப்பு வந்தவர்களுக்கும் மறுபடி வர வாய்ப்பு அதிகம். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிர் போகும். சரியான நேரத்தில் வைத்தியம் செய்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் டாக்டர் "எவ்வளவு, எத்தனை வருஷம், கடைசியா எப்போ" என்று கேட்கிறார். நம் மானத்தை வாங்குவதற்காக இல்லை. ஆட்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால், நர்ஸ் மேசைக்குத் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாம். அவர் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்வார்.

சிஸ்டர்கள் என்ன செய்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். "இரண்டு கையையும் முன்னால நீட்டுங்க, விரலை விரிங்க" என்பார்கள். உள்ளங்கையைத் தொட்டு வியர்வை பார்ப்பார்கள். "உடம்புல ஊர்ற மாதிரி இருக்கா? வெளிச்சம் கூசுதா? இது எந்த ஊரு, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்பார்கள். இது வீண் பேச்சு இல்லை. பத்து விஷயங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் ஒரு அட்டவணை இருக்கிறது. மொத்தம் 67 மதிப்பெண். கூடக் கூட நோய் முற்றுகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்து மார்க்குக்கு நேர் எதிர்! அந்த மார்க்கை வைத்துத்தான் பல இடங்களில் மருந்தின் அளவு முடிவாகிறது. அதனால் சிஸ்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து இதையே திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம்.

மருந்து என்றால் லோராசிபாம், டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்றவை. முதலில் கூடுதலாகக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் லோராசிபாம். ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் முன் ஆள் விழிப்பாக இருக்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏனென்றால் அளவு மீறினால் மூச்சே அடங்கிவிடும். இதை மெடிக்கல் கடையில் வாங்கி வீட்டில் கொடுக்கவே கூடாது. மேலே சாராயமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு ஊசி, பி1 சத்து, அதாவது தையமின். குடிக்கிறவர்கள் சரியாகச் சாப்பிடாததால் இந்தச் சத்து உடம்பில் வற்றிப்போயிருக்கும். இது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், கண் ஒரு மாதிரி ஓடும், ஞாபகம் போகும், சில சமயம் திரும்பவே வராது. "சோர்வா இருக்காரு, ஒரு குளுக்கோஸ் போடுங்க சிஸ்டர்" என்று நாம் அவசரப்படுத்துகிறோம் இல்லையா, சிஸ்டர் ஏன் முதலில் அந்த ஊசியைத் தேடினார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

துணைக்கு இருக்கிற நாம் என்ன செய்யலாம்? இதில்தான் நம் கை அதிகம் இருக்கிறது. வார்டில் கூட்டம் அதிகம், தனி அறை எல்லாம் கிடைக்காது. ஆனாலும் நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் கட்டில் கேட்கலாம். ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும், இருட்டில் நிழலைப் பார்த்துப் பயம் கூடும். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் சொந்தக்காரர்களை அனுப்பிவிட்டு ஒரே ஒருவர் உட்காரட்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இது ஆஸ்பத்திரிங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன், இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை" என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பூச்சி இல்லை என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. "உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. மருந்து போட்டிருக்காங்க, போயிடும்" என்றால் போதும். கத்தி, கண்ணாடி டம்ளர் பக்கத்தில் வேண்டாம். நாமாகப் புடவையாலும் துண்டாலும் கட்டிலில் கட்டக் கூடாது. கட்டாயம் வேண்டுமென்றால் டாக்டர் சொல்லி, சிஸ்டர் மெத்தென்ற துணியால் கட்டி, அடிக்கடி கை கால் பார்த்துத் தளர்த்துவார். குப்புறப் போடவே கூடாது.

வலிப்பு வந்தால் சாவியோ இரும்போ கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்த்து, உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். வீட்டிலோ வழியிலோ வந்தால் 108.

சிஸ்டரம்மா அழுத்திச் சொன்ன ஒன்று: எல்லாத் தடுமாற்றமும் குடியை நிறுத்தியதால்தான் என்று முடிவு கட்டக் கூடாது. தலையில் அடிபட்டிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், சளிக் காய்ச்சல் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். "குடிகாரன் உளர்றான்" என்று விட்டு, தலைக்குள் ரத்தம் கட்டியதைத் தவறவிட்ட கதை அவருக்கே தெரியும். ஆள் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ உடனே சொல்லுங்கள். அதேபோல் கள்ளச் சாராயம் குடித்து வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்றால் அது விஷம், வேறு வைத்தியம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது அதில்தான். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

நம் அக்கா கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். செவ்வாய்க்கிழமை கொழுந்தனார் பிளாஸ்க்கில் டீ என்று கொண்டுவந்தார். உள்ளே டீ இல்லை. "கொஞ்சம் உள்ள போனா அண்ணன் அமைதியாயிடும், அண்ணி" என்றார். பாசத்தில்தான் செய்தார், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஏற்கனவே தூக்க மருந்து ஏறியிருக்கிற உடம்பு அது. அக்கா பிளாஸ்க்கை வாங்கிக் கழிவறையில் கொட்டிவிட்டு, சிஸ்டரிடமும் சொன்னார். கொழுந்தனார் மூன்று மாதம் பேசவில்லை.

குழுவிலிருந்து இரண்டு பேர் முறை வைத்துப் பகலில் உட்கார்ந்ததால் அக்கா கொஞ்சம் தூங்கினார். அந்த மாதத் தவணையைக் குழு பொறுத்துக்கொண்டது. ஆறாம் நாள் அவர் தெளிந்து, "என் கையில என்ன காயம்?" என்று கேட்டார். நடந்தது எதுவும் நினைவில்லை. அதன் பிறகுதான் காலுக்கு ஆபரேஷன் நடந்தது.

தெளிந்தது என்றால் குடி விட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை. நடுக்கம் நிற்பது முதல் வாரத்து வேலை, குடிக்காமல் இருப்பது அதற்குப் பிறகான நீண்ட வேலை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, குடியை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்து, குடும்பத்துக்கும் சேர்த்து ஆலோசனை தருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே "அடுத்து எங்கே காட்டணும்?" என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

"சாப்பாட்டில் கலந்து கொடுங்க, அவருக்கே தெரியாம குடியை விட்டுருவாரு" என்று மருந்து விற்கிறார்கள் இல்லையா? அதை வாங்காதீர்கள். டைசல்பிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே குடியை விட உதவுவதுதான். ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. தெரியாமல் கொடுத்து, அவர் வெளியில் போய்க் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து.

போன் எண்களைக் குழுத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கவும்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, குடிப்பழக்க மீட்பு உதவி 14446, மனநல உதவி 14416.

அடுத்த மாதக் கூட்டத்துக்குச் சிஸ்டரம்மா வருகிறார். கேள்வியைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி ஊக்குநரிடம் கொடுத்தால் போதும்.