எவ்வளவு தூரம் வரை சுடலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

பென்சில்வேனியாவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமமும் வாங்கிவிட்டீர்கள். அலுவலக நண்பர்கள் அடுத்த பருவத்துக்கு வயோமிங் கூப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் 500 யார்டு தூரத்தில் மானை வீழ்த்திய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எவ்வளவு தூரம் வரை சுடுவது நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மானைக் கொல்வதே நியாயமா என்று கேட்பவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள். அந்தக் கேள்வி பெரியது, நான் மதிப்பது. ஆனால் உங்கள் ஊர்க் காடுகளில் ஓநாய்கள் இல்லாமல் போய் நெடுங்காலம் ஆகிறது. மான் பெருகினால் இளஞ்செடிகள் தலையெடுப்பதில்லை. அதனால்தான் மாநில அரசே கணக்குப் பார்த்து உரிமம் தருகிறது. சுடுவது என்று முடிவான பிறகு அந்த உயிருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

விதிப்புத்தகத்தில் விடை கிடைக்காது. 250 சதுர அங்குல ஆரஞ்சுத் துணி உடம்பில் தெரிய வேண்டும், ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 யார்டுக்குள் துப்பாக்கியால் வேட்டையாடக்கூடாது என்றெல்லாம் பென்சில்வேனியாவில் சட்டம் இருக்கிறது. மானுக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை யார்டு இருக்கலாம் என்று அது சொல்வதில்லை. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் குரோக்கெட் சங்கம் வேட்டை அறத்தைப் பற்றி இன்றுவரை பேசிவருகிறது. நெடுந்தூரச் சூட்டைக் குறித்த அதன் அறிக்கையிலும் ஒரு எண் கிடையாது. எண்ணை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதையும் வீட்டில் உட்கார்ந்து, மான் கண்ணில் படுவதற்கு முன்பே செய்ய வேண்டும். கொம்பு தெரிந்துவிட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் அதை 'பக் ஃபீவர்' என்பார்கள். அந்த நிலையில் எடுக்கும் முடிவு எப்போதும் சுடுவதன் பக்கமே சாயும்.

முதலில் குறியைப் பாருங்கள். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் எட்டு முதல் பத்து அங்குல வட்டம். நுரையீரலில் பட்டால் மான் கொஞ்ச தூரம் ஓடி விழுந்துவிடும். அந்த வட்டத்துக்கு ஒரு சாண் பின்னால் இருப்பது குடல். அங்கே பட்ட மான் முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து போய் எங்காவது படுக்கும். சாக மணிக்கணக்கில் ஆகும். சில நேரம் இரவெல்லாம் ஆகும். உங்கள் எண்ணை முடிவு செய்யும்போது அந்த இரவை மறக்காதீர்கள். மற்ற கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பரவலாகப் பயன்படும் .308 வின்செஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 200 யார்டில் குறி சரியாக இருக்கும்படி ஸ்கோப்பை வைத்தால், 300 யார்டில் தோட்டா சுமார் எட்டு அங்குலம் தாழ்ந்து போகும். 400 யார்டில் ஏறக்குறைய இரண்டு அடி. இதைக் கருவிகள் சரிசெய்துவிடும். லேசர் தூரமானி தூரத்தைச் சொல்லும், ஸ்கோப்பின் திருகு மீதியைப் பார்த்துக்கொள்ளும். காற்று அப்படி இல்லை. இலைகளும் சுள்ளிகளும் ஓயாமல் ஆடுகிற அளவுக்கு, மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 100 யார்டில் தோட்டாவை ஒரு அங்குலம்கூடத் தள்ளாது. 300 யார்டில் ஏழெட்டு அங்குலம் தள்ளும். 500இல் இருபது அங்குலத்தைத் தாண்டும். நீங்கள் நிற்கும் மேட்டில் ஒரு காற்று, நடுவிலிருக்கும் பள்ளத்தில் வேறொரு காற்று. வயோமிங்கின் திறந்த வெளியில் இதைக் கண்ணால் அளந்து சொல்லப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கமும் உங்களுக்கு வந்துவிட்டது என்றே வையுங்கள். அப்போதும் ஒன்று மிஞ்சுகிறது. எனக்கு அதுதான் இதில் முக்கியமாகப் படுகிறது. தோட்டா 300 யார்டு போக மூன்றில் ஒரு பங்கு நொடிக்கு மேல் ஆகிறது. 500 யார்டுக்கு முக்கால் நொடியை நெருங்குகிறது. சாதாரணமாக நடக்கிற மான் மூன்றில் ஒரு நொடியில் ஒன்றரை அடி முன்னே போய்விடும். நின்று மேய்கிற மானும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல்தான் அடியெடுத்து வைக்கும். விசையை அழுத்தியபோது நுரையீரல் இருந்த இடத்தில், தோட்டா போய்ச் சேரும்போது குடல் இருக்கும். இதில் சுட்டவரின் திறமைக் குறைவு எதுவும் இல்லை. எவ்வளவு பயிற்சி செய்தாலும் மானின் அடுத்த அடி உங்கள் கையில் வராது. வில்வேட்டைக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். அம்பு நொடிக்கு 280 அடி போனால் ஒலி 1,100 அடி போகிறது. நாண் ஓசை முதலில் எட்ட, மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்துகிறது, அம்பு மேலே போய்விடுகிறது. அதனால்தான் அவர்களில் பலர் முப்பது யார்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீண்ட தூரம் சுடும் துப்பாக்கி கையில் இருப்பவர்களுக்கு இது எளிதில் மறந்துபோகிறது.

உங்கள் நண்பர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. 500 யார்டில் விழுந்த மானைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார்கள். அதே தூரத்தில் அடிபட்டு ஓடைக்கு அப்பால் மறைந்த மானைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒன்பது அங்குலக் காகிதத் தட்டுகள் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சிக் களத்தில் மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காட்டில் மேசை கிடையாது. படுத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, மரத்தில் சாய்ந்து, நின்று சுடுங்கள். கொஞ்சம் ஓடிவந்து மூச்சு இரைக்கும்போதும் சுடுங்கள். துப்பாக்கிக்குழல் குளிர்ந்திருக்கும்போது சுடும் முதல் குண்டை மட்டும் தனியே குறித்து வையுங்கள். மானுக்குப் போவது அதுதான். பத்தில் எட்டு தட்டில் பட்டால் போதாது, மீதி இரண்டும் காயம்பட்ட மான்கள். பத்தும் படுகிற தூரம்தான் அந்த நிலைக்கு உங்கள் தூரம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எண் வரும். பிரிட்டனில் மான் வேட்டைச் சான்றிதழுக்கான தேர்விலும் இப்படித்தான்: 100 மீட்டரில் ஆரம்பித்து, உட்கார்ந்தோ மண்டியிட்டோ சுடும்போது 70, நின்று சுடும்போது 40 மீட்டர் என்று குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கிடைத்த எண்ணிலிருந்து காற்றுக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் பதற்றத்துக்கும் இன்னும் கழியுங்கள். கூட்ட மட்டும் செய்யாதீர்கள்.

ஒரு எண்ணாவது சொல்லுங்கள் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். முதல் சில பருவங்களுக்கு, படுத்தோ உறுதியான தாங்கலில் வைத்தோ சுட்டால் 200 யார்டு, தாங்கல் இல்லாமல் உட்கார்ந்தால் 100, நின்றபடி 50. உங்கள் ஊர் அடர்காட்டில் இதற்கு மேல் கண்ணுக்கே தெரியாது. வயோமிங்கில் மான் 350இல் நின்றால் குனிந்து, தவழ்ந்து, காற்றுக்கு எதிர்த்திசையில் கிட்டே போகப் பாருங்கள். போகமுடியவில்லை என்றால் அது பிழைத்துப் போகட்டும்.

புறப்படும் முன்பே உங்கள் எண்ணை நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். மலைமேல் நின்று "சுடு, சுடு" என்று அவர்கள் அவசரப்படுத்தும்போது புதிதாக வாதாட வேண்டியிருக்காது. சுட்ட பிறகு மான் நின்றிருந்த இடத்தை ஒரு பாறையையோ புதரையோ வைத்து அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள், உடனே ஓடாதீர்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், அரைமணி நேரத்தில் பின்தொடரலாம். பச்சைக் கசடு கலந்திருந்தால் பல மணி நேரம் காத்திருங்கள். விரட்டினால் படுத்த மான் எழுந்து இன்னும் தூரம் போய்விடும். காயம்பட்ட மானைத் தேடக் கயிற்றில் பிடித்த மோப்ப நாயைப் பயன்படுத்த உங்கள் மாநிலத்தில் இப்போது அனுமதி உண்டு. பருவம் தொடங்கும் முன்பே அப்படி நாய் வைத்திருப்பவர் ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்