விடுதிக்கு வைஃபை அமைக்குமுன்

300 மாணவர் வசிக்கும் கல்லூரி விடுதியொன்றில், பல ஆக்சஸ் பாயிண்ட்களை ஒரே கன்ட்ரோலரின் நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவந்து வைஃபை வழங்க விரும்புகிறவர்கள், விலைப்பட்டியலைப் புரட்டுமுன் கட்டடத்தின் வரைபடத்தை விரித்துவைத்துக்கொள்வதே உசிதம்; ஏனெனில், இவ்வமைப்பில் காற்றின் வழியே கடக்கும் தூரம் சில மீட்டர்தான், எஞ்சிய மார்க்கம் முழுவதும் கேபிளையும் மின்சாரத்தையும் முகவரிப் பங்கீட்டையுமே ஆதாரமாகக் கொண்டிருக்கிறது.

முதற்காரியம் ஸர்வே. விடுமுறையில் அறைகள் வெறிச்சோடிக் கிடக்கும்போது செய்யாமல், மாணவர் குடியிருக்கும் நாளிலேயே, கதவைச் சாத்தி, இரும்பு பீரோ அதனதன் இடத்தில் நிற்க, ஓர் ஆக்சஸ் பாயிண்டைத் தற்காலிகமாக மாட்டி, கடைக்கோடிக் கட்டிலருகே 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை அளக்கவேண்டும்; −67 டிபிஎம்முக்குக் குறையாதிருந்தால் வீடியோ அழைப்புக்கும் அது போதும். தாழ்வாரத்தில் வரிசையாக மாட்டுவது சுலபமாயினும், அங்கே அவை ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகி, சுவருக்கு அப்பாலிருப்பவனுக்குப் பிரயோஜனப்படாமல் போவதால், அறைகளுக்குள் மாட்டுவதையே சிபாரிசு செய்வேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்று சானல்களே.

ஸ்விட்சிலிருந்து ஆக்சஸ் பாயிண்ட் வரையுள்ள கேபிள், பேட்ச் கார்டுகளையும் சேர்த்து 100 மீட்டரைத் தாண்டலாகாது. கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான் இழுக்கவேண்டும். வெளியே செல்லும் தாமிரக் கேபிள், ஐப்பசி மாதத்து மின்னலை ஸ்விட்சுக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

பலரும் அலட்சியம் செய்வது மின்சக்தி. நெட்வொர்க் கேபிள் வழியாகவே போர்ட் ஒன்றுக்கு 30 வாட் வரை தரும் 24 போர்ட் பி.ஓ.இ. ஸ்விட்ச் என்று கண்டவுடன் திருப்தியடைந்துவிடாமல், அதன் மொத்தச் சக்தி எவ்வளவு என்று பார்க்கவேண்டும்: அது 370 வாட்டாக இருந்து, ஆக்சஸ் பாயிண்ட் ஒவ்வொன்றும் 20 வாட் கேட்குமானால், பதினெட்டு எரியும், பத்தொன்பதாவது எரியாது. ரேக்குக்கு எர்த்திங்கும், இந்தப் பளுவையும் கணக்கில் சேர்த்த யூ.பி.எஸ்ஸும் அத்தியாவசியம்.

அடுத்தது முகவரிப் பங்கீடு. ஆளுக்குக் கைபேசி, லேப்டாப் என இரண்டு வைத்தாலும் 600 சாதனங்களாகின்றன. 254 முகவரிகளே கொண்ட /24 வரம்பை, முகவரிகளைப் பங்கிடும் டி.ஹெச்.சி.பி.யில் வைத்தால், சிக்னல் முழுமையாகத் தெரிந்தும் இன்டர்நெட் வராத விசித்திரம் நேரும். 1,022 முகவரிகள் தரும் /22 வரம்பே தகும். மாணவர், அலுவலகம், விருந்தினர் ஆகியோருக்குத் தனித்தனி வி.லேன் வகுத்து, சாதனங்களின் நிர்வாகத்துக்கென்று மற்றொன்றை ஒதுக்குவது அவசியம்.

இத்தனையும் ஆனபிறகே கன்ட்ரோலர். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால் அது ஊரறிந்த ரகசியமாகிவிடுமாதலால், ஆளுக்கொரு கணக்கு வைத்து ரேடியஸ் சர்வர் மூலம் அனுமதிப்பதே முறை. சர்வரின் சான்றிதழ் காலாவதியாகும் தேதியைக் குறித்துவைக்க மறக்கலாகாது. முதலில் ஒரு மாடியை மட்டும் இயக்கி, விடுதி முழுவதும் கைபேசியில் ஆழ்ந்திருக்கும் இரவு வேளையில் கன்ட்ரோலரின் திரையைக் கவனித்து, நெரிசலுள்ள இடங்களைச் சரிசெய்தபின் அடுத்த மாடிக்கு ஏறலாம்.