பெரட்டு வரிசையா, லயத்து வீட்டு எண்ணா?



புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களிடம் பழைய வீட்டைப் பற்றிக் கேளுங்கள். "மூன்றாவது லயம், ஐந்தாவது வீடு" என்பார்கள். இருக்கும் இடமே முகவரி. அதை விட்டு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் முதலில் வந்து நின்றவருக்கு 0, அடுத்தவருக்கு 1 என்று பெயரிட்டு, அந்தப் பெயரில் சம்பளம் எழுதினால் என்ன ஆகும்? நாளை வரிசை மாறும். ஒருவர் சம்பளம் இன்னொருவர் கைக்குப் போகும்.

லினக்ஸ் இயங்குதளம் பல ஆண்டுகள் பெரட்டு முறையில்தான் வலையட்டைகளுக்குப் பெயர் வைத்தது. கம்பி இணைப்பு அட்டைகளுக்கு ஈத்0, ஈத்1. வைஃபை அட்டைக்கு டபிள்யூலான்0. கணினி தொடங்கும்போது எது முதலில் கண்ணில் பட்டதோ அதற்கு 0.

ஓர் அட்டை மட்டும் இருந்தால் தொல்லையில்லை. இரண்டு அட்டைகள் கொண்ட கணினி ஒன்று கணினிக்கூடத்துக்குக் காவல் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஈத்0 இணையத்தின் பக்கம், ஈத்1 மாணவர்களின் பக்கம். 'ஈத்0 வழியாக வரும் அந்நியரைத் தடு' என்பது அதற்கு இட்ட கட்டளை. கணினியை அணைத்துப் போடும்போது இரண்டு பெயர்களும் இடம் மாறினால்? மாணவர்களுக்குக் கதவு அடைபடும். வெளியாருக்குத் திறந்து கிடக்கும்.

2013இல் வெளிவந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு லயத்து முறையைக் கொண்டுவந்தது. இஎன்பி3எஸ்0 என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். இஎன் என்றால் ஈதர்நெட், அதாவது கம்பி. பி3 என்பது 3ஆம் எண் பிசிஐ தடம், அதுதான் லயம். எஸ்0 என்பது அந்தத் தடத்தில் 0ஆம் இடம், அதுதான் வீடு. டபிள்யூஎல் என்று தொடங்கினால் வைஃபை. டபிள்யூடபிள்யூ என்றால் சிம் அட்டை போடும் மோடம்.

சில மடிக்கணினிகளில் இஎன்பி0எஸ்25 என்றிருக்கும். ஆனால் எல்எஸ்பிசிஐ கட்டளை அதே அட்டையை 19ஆம் இடத்தில் காட்டும். பிழையன்று. கட்டளை பதினாறடிமான எண்ணில் பேசுகிறது, பெயர் பத்தடிமானத்தில். 1×16 + 9 = 25. கணக்குப் பாடம் இங்கேயும் வந்துவிட்டது!

யூஎஸ்பி அட்டைகளை இன்று ஒரு துளையிலும் நாளை வேறு துளையிலும் செருகுவோம். அவற்றுக்கு இடம் உதவாது. ஆகவே பல லினக்ஸ் வகைகளில் இஎன்எக்ஸ் என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் அட்டையின் 12 இலக்க மேக் முகவரியே பெயராகும். மொத்தம் 15 எழுத்து. லினக்ஸ் ஒரு பெயருக்கு அனுமதிக்கும் உச்சமும் 15தான்.

புதிய முறையும் முழுக் காப்பு அன்று. இன்னோர் அட்டையைச் செருகினால் தடங்களின் எண் மாறி, இஎன்பி3எஸ்0 என்பது இஎன்பி4எஸ்0 ஆகலாம். நடுவில் புது லயம் கட்டியது போலத்தான்.

தோட்டப்புறத்தில் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து இணையம் பார்ப்பவர்கள் உண்டு. அந்த இணைப்பின் பெயர் பெரும்பாலும் இஎன் என்றே தொடங்கும். இணையம் காற்றில் வருகிறது, பெயரோ கம்பி என்கிறது! கைப்பேசி தன்னை ஓர் ஈதர்நெட் அட்டையாகக் காட்டிக்கொள்வதே காரணம்.

லினக்ஸ் கணினி கிடைத்தால் முனையத்தில் ஐபி லிங்க் என்று தட்டிப் பாருங்கள். முதலில் வரும் லோ என்பது அட்டையன்று. கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழி. அதற்கு அடுத்த வரியிலிருந்து படியுங்கள்.